திரும்பி வரும் நிர்வாகியைக் குக்கியால் அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் பாடசாலைக்கும் கோவில் பரிபாலன சபைக்கும் தங்குமிடங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பவர்களுக்கும், அவற்றை அன்றாடம் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள், செயலாளர்களுக்கும் எழும் கேள்விகள் இவை. ஆயத்தத் தள மென்பொருளான வேர்ட்பிரஸ் வைத்திருப்பவருக்கும், பிஎச்பி என்ற நிரல்மொழியில் தாமே எழுதியவருக்கும் பதில்கள் பொருந்தும்.

குக்கி எப்படி ஒருவரை ஞாபகம் வைத்துக்கொள்கிறது?

அது ஆளை ஞாபகம் வைப்பதில்லை. இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவே கிடையாது. ஒரே ஆள் பத்துப் பக்கம் திறந்தால் சேர்வருக்கு (தளம் இருக்கும் கணினிக்கு) அவர் பத்துப் புது ஆட்கள். இந்தக் குறையைத் தீர்க்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி கொண்டுவந்ததுதான் குக்கி. சேர்வர் ஒரு சிறு எழுத்துத் துண்டைக் கொடுக்கும். உலாவி அதைச் சேமித்து, அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கூடவே அனுப்பும்.

ஆகவே அடையாளம் காணப்படுவது உலாவி மட்டுமே. ஆசிரியர் ஓய்வறைக் கணினியை மூவர் ஒரே கணக்கில் பயன்படுத்தினால் சேர்வருக்கு அவர்கள் ஒரே ஆள். ஒருவரே குரோமிலும் பயர்பொக்ஸிலும் வந்தால் இரண்டு ஆட்கள். தோட்டத்தில் கங்காணி முகம் பார்த்துப் பேர் போடுவார். குக்கியில் முகம் கிடையாது, சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பேர் விழும். கீழே வரும் கவனக் குறிப்புகளில் பாதி இந்த ஒரு குணத்தால் வருபவை.

நிர்வாகிக்கு ஒரே ஒரு குக்கி போதாதா?

போதாது. மூன்று வேறு வேலைகளை ஒன்றில் திணிப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை.

முதலாவது அமர்வுக் குக்கி: உள்ளே நுழைந்தபின் அந்த வேலை முடியும்வரை இருப்பது. இரண்டாவது நினைவுக் குக்கி: சில நாள் கழித்து வந்தாலும் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடுவது. இது வீட்டுச் சாவிக்குச் சமம். மூன்றாவது வெறும் அடையாளக் குறி: ‘இந்த உலாவி நம்மவருடையது, வருகைக் கணக்கில் சேர்க்காதே’ என்று சொல்வதற்கு மட்டும். குறி திருட்டுப் போனால் நட்டம் இல்லை. சாவி போனால் தளமே போகும். இரண்டுக்கும் பெயரும் ஆயுளும் பண்புகளும் வேறாக இருக்க வேண்டும்.

எங்கள் சொந்த வருகைகளே எண்ணிக்கையை ஏற்றிவிடுகின்றன. எப்படித் தவிர்ப்பது?

நாளொன்றுக்கு 30 பேர் வரும் பாடசாலைத் தளத்தில் இரண்டு ஆசிரியர்கள் திருத்தம் பார்க்கப் பத்துப் பத்துத் தடவை திறந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் நம் ஆட்களின் வருகையைக் கழிக்கும் வடிகட்டி, ஐபி முகவரியை (இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணை) வைத்து வேலை செய்வது. நிலையான ஐபி உள்ள அலுவலகத்துக்கு அது சரி. இங்கே பெரும்பாலோர் மொபைல் டேட்டாவில் வருவதால் ஐபி மாறிக்கொண்டே இருக்கும்; வடிகட்டி பிடிக்காது. மூன்றாவது வகைக் குக்கிதான் வழி.

நிர்வாகி உள்ளே நுழைந்ததும் சேர்வர் ‘எண்ணாதே’ என்ற பொருளில் ஒரு பெயரும் 1 என்ற மதிப்பும் கொண்ட குக்கியை எழுதட்டும். ஆயுள் 400 நாள் வைக்கலாம். அதற்கு மேல் வைத்துப் பயனில்லை. 2022 ஆகஸ்ட்டில் வந்த 104ஆம் பதிப்பிலிருந்து குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பிறகு பக்கத்தில் எண்ணும் ஸ்கிரிப்டை ஏற்றும் முன் குக்கி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஏற்றாமல் விடுங்கள்.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். தளத்தில் முழுப்பக்கக் கேச் (முன்பே சேமித்த பக்கத்தை அப்படியே கொடுப்பது) இருந்தால் பிஎச்பி ஓடவே ஓடாது. அப்போது சோதனையை உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட்தான் செய்ய வேண்டும்; எனவே ஜாவாஸ்கிரிப்டின் கண்ணில் படாமல் மறைக்கும் எச்டிடிபி-ஒன்லி பண்பை இந்தக் குக்கிக்கு மட்டும் போடக் கூடாது. மற்றது ஐபோன்: ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய குக்கியைச் சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். சோதிப்பது ஜாவாஸ்கிரிப்டாக இருந்தாலும் எழுதுவது சேர்வராக இருக்கட்டும்.

போன், வீட்டு மடிக்கணினி, பாடசாலைக் கணினி ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது உள்ளே நுழைந்தால்தான் குறி விழும். ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவிக்குக் குக்கிச் சேமிப்பு தனி. அங்கிருந்து பார்த்தால் நீங்களும் வெளியாள்தான்.

‘நிர்வாகி = ஆம்’ என்று ஒரு குக்கி வைத்து அதைப் பார்த்தே அனுமதி கொடுத்தால்?

யாரும் உள்ளே வரலாம். கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, குக்கிப் பட்டியலைத் திறந்து, ‘இல்லை’ என்பதை ‘ஆம்’ ஆக்க அரை நிமிடம் போதும். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கே முடியும். பயனர் எண்ணை அப்படியே போடுவதும், பேஸ்64இல் மாற்றிப் போடுவதும் இதே கதைதான். பேஸ்64 பூட்டு அல்ல, வேறு எழுத்தில் எழுதுவது மட்டும்.

‘என்னை நினைவில் வை’ என்பதைச் சரியாகச் செய்வது எப்படி?

நிர்வாகி பெட்டியில் குறியிட்டுக் கடவுச்சொல்லும் சரியானபின், பிஎச்பியின் ரேண்டம்-பைட்ஸ் செயற்கூறால் இரண்டு தற்செயல் துண்டுகளை உண்டாக்குங்கள்: தேடுவதற்கு 12 பைட், இரகசியத்துக்கு 32 பைட். நேரத்தை எம்டி5 செய்வது, யுனிக்-ஐடி, சாதாரண ரேண்ட் எதுவும் இதற்கு ஆகாது. நேரத்தை ஊகிக்க முடியும்.

தரவுத்தள அட்டவணையில் தேடற் துண்டு அப்படியே போகட்டும். இரகசியத் துண்டு போகக் கூடாது; அதன் ஷா-256 ஹாஷ் (திருப்பி மூலத்தை எடுக்க முடியாத கைரேகை போன்ற எண்) மட்டும் போக வேண்டும். கூடவே பயனர் எண், காலாவதி நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம், ‘அதிபர் அறைக் கணினி’ போல ஒரு சிறு விவரம். குக்கிக்குள் இரு துண்டுகளும் பதினறும எண்ணில், நடுவே ஒரு முக்காற்புள்ளியோடு: 24, 1, 64 சேர்த்து 89 எழுத்து. ஒரு குக்கிக்கு உலாவிகள் குறைந்தது 4096 பைட் இடம் தர வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் தரநியமம், ஆகவே இடப் பிரச்சினை இல்லை.

அவர் திரும்பி வரும்போது தேடற் துண்டால் வரிசையைக் கண்டுபிடித்து, வந்த இரகசியத்தை ஹாஷ் செய்து, ஹாஷ்-ஈக்வல்ஸ் செயற்கூறால் ஒப்பிடுங்கள். சாதாரண சமக்குறியால் ஒப்பிட்டால் எத்தனை எழுத்து பொருந்தியது என்பது எடுக்கும் நேரத்தில் கசியலாம். காலாவதியைச் சேர்வரின் நேரப்படியே பாருங்கள். குக்கியின் ஆயுளை உலாவியில் யாரும் நீட்டலாம். எல்லாம் சரியென்றால் அமர்வு எண்ணைப் புதிதாக மாற்றி உள்ளே விடுங்கள். அந்த மாற்றத்தை விட்டுவிட்டால், முன்கூட்டியே ஓர் அமர்வு எண்ணை நிர்வாகிக்குத் திணித்து வைத்தவர் அதே எண்ணோடு பின்னால் நுழைவார்.

கடவுச்சொல்லுக்குப் பயன்படும் மெதுவான பிகிரிப்ட் இங்கே ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். மெதுவான ஹாஷ் வேண்டியது மனிதர் தேர்ந்த, ஊகிக்கக்கூடிய சொல்லுக்கு. 32 பைட் தற்செயலை ஊகிக்க வழியே இல்லை.

குக்கிக்கு என்னென்ன பண்புகள் போட வேண்டும்?

சாவிக் குக்கிக்குச் செக்யூர், எச்டிடிபி-ஒன்லி, சேம்சைட் மூன்றும் கட்டாயம். செக்யூர் இருந்தால் குக்கி மறையாக்கிய இணைப்பில் மட்டும் போகும். பல தளங்கள் இதைப் போடாத காலத்தில், 2010இல், ஃபயர்ஷீப் என்ற பயர்பொக்ஸ் நீட்சி திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழையலாம் என்று உலகுக்குக் காட்டிவிட்டது. எல்லவிலும் நுவரெலியாவிலும் விருந்தினர் வைஃபையிலேயே தளத்தைப் பராமரிக்கும் தங்குமிடக்காரர்கள் இதை விடவே கூடாது. மறையாக்கிய இணைப்புக்கான சான்றிதழுக்குக் காசும் தேவையில்லை, லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது.

எச்டிடிபி-ஒன்லி ஜாவாஸ்கிரிப்டிடமிருந்து குக்கியை மறைக்கும். சேம்சைட், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்வது; அதற்கு ‘லெக்ஸ்’ போதும். ‘ஸ்ட்ரிக்ட்’ போட்டால், உலாவியில் திறந்த ஜிமெயிலிலிருந்து இணைப்பைச் சொடுக்கி வரும்போது குக்கி போகாது. உள்ளே இருந்தவருக்கு மறுபடி நுழைவுப் பக்கம் தெரியும், தளம் பழுது என்று போன் வரும்.

டொமைன் பண்பை எழுதாமல் விடுவதே நல்லது; விட்டால் குக்கி அந்த முகவரிக்கு மட்டும் உரியது.

ஒவ்வொரு வருகையிலும் இரகசியத்தை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் எங்கள் ஆட்கள் அடிக்கடி வெளியே தள்ளப்படுகிறார்கள். ஏன்?

சிக்னல்தான் காரணம். மாற்றும் முறை இப்படி: குக்கி பயன்பட்டதும் சேர்வர் பழைய இரகசியத்தை அழித்துப் புதியதைக் கொடுக்கும். பிறகு யாராவது பழையதோடு வந்தால், ‘ஒரே சாவி இரண்டு கையில் இருக்கிறது, திருட்டு’ என்று முடிவுகட்டி அந்த நிர்வாகியின் எல்லாச் சாவிகளையும் இரத்துச் செய்யும். கொழும்பில் ஃபைபரில் சோதித்தால் அழகாக ஓடும்.

நானுஓயாவுக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவே ரயிலில் இருப்பவருக்கு நடப்பது வேறு. கோரிக்கை சேர்வருக்குப் போய்ச் சேர்ந்து, இரகசியம் மாறி, பதில் திரும்பும் வழியில் ஒரு சுரங்கம் வந்துவிடும். சேர்வரிடம் புதுசு, போனில் பழசு. அடுத்த தடவை அவர் திருடர். தோட்டத்து லய வீட்டில் வாசற்படியில் சிக்னல் ஒரு கோடு, உள்ளே போனால் அதுவும் இல்லை என்ற நிலையிலும் இதுதான் நடக்கும். இரண்டு தாவல்களை ஒரே நேரத்தில் திறந்தாலும் நடக்கும்: இரண்டும் பழைய இரகசியத்தோடு போகும், முந்தியது மாற்றிவிடும், பிந்தியது மாட்டிக்கொள்ளும்.

தீர்வு, பழையதை உடனே கொல்லாமல் இருப்பது. அட்டவணையில் ‘முந்தைய ஹாஷ்’ என்று இன்னொரு நிரலைச் சேருங்கள். புதிய இரகசியம் முதன்முறை உலாவியிலிருந்து திரும்பி வரும்வரை இரண்டும் செல்லும். வந்ததும் முந்தையதை அழியுங்கள். அழிந்தபின் பழையது வந்தால் மட்டும் திருட்டாகக் கொள்ளுங்கள். ‘60 விநாடி சலுகை’ என்று நேரத்தை வைத்துச் செய்பவர்களும் உண்டு. தாவல் பிரச்சினைக்கு அது போதும், சுரங்கத்துக்குப் போதாது. அடுத்த சிக்னல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

இருவர் பார்க்கும் சிறு தளமென்றால் மாற்றும் வேலையே வேண்டாம். ஆயுளைக் குறைத்து வைத்தால் போதும். அரைகுறையாக மாற்றுவதைவிட மாற்றாமல் இருப்பது மேல்.

குக்கியை ஐபி முகவரியோடு கட்டிவைத்தால் பாதுகாப்பு கூடாதா?

கூடும், உங்களுக்கே பூட்டாகும் அளவுக்கு. மொபைல் வலையமைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்கிறார்கள், இணைப்பு அறுந்து ஒட்டும்போது அது மாறவும் செய்யும். உலாவி சொல்லும் தன் பெயர், பதிப்பு எண்ணோடு கட்டுவதும் வீண். குரோம் சில வாரத்துக்கு ஒரு தடவை பதிப்பு மாறுகிறது. இரண்டையும் பதிவில் குறித்துவையுங்கள், கதவை அவற்றால் பூட்டாதீர்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்?

சொந்தப் போன், சொந்தக் கணினி: 14 முதல் 30 நாள். பகிரும் கணினி: வைக்கவே கூடாது. வேர்ட்பிரஸ் தானாகவே பெட்டியில் குறியிட்டால் 14 நாளும் இடாவிட்டால் 2 நாளும் செல்லும்படி வைக்கிறது. அந்த 14ஐ 365 ஆக்கும் நீட்சிகள் உண்டு. ஆசிரியருக்கு இடமாற்றம் வந்துபோன பிறகும் பாடசாலைக் கணினி அவர் பெயரில் திறந்தே கிடக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அதை நிறுவுங்கள்.

கொமியூனிகேஷன் கடையிலோ பாடசாலைக் கணினி அறையிலோ நுழைய வேண்டியிருந்தால்?

மறைநிலைச் சாளரத்தில் நுழைந்து, வேலை முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்தி, மறைநிலைச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். சாதாரணச் சாளரத்தை மூடினால் அமர்வுக் குக்கி போய்விடும் என்ற நம்பிக்கை பழையது. ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்ற அமைப்பு குரோமில் இயங்கினால் அமர்வுக் குக்கிகளும் உயிர்த்து வரும். அடுத்து உட்காரும் பிள்ளை உங்கள் பெயரில் இருப்பார்.

கரண்ட் போய் வந்தபிறகு நினைவுக் குக்கி காணாமல் போகிறதே?

இரண்டு காரணம் பார்க்கலாம். நுழைந்த கையோடு கரண்ட் போயிருந்தால் குக்கி வட்டில் எழுதப்பட்டிருக்காது. உலாவிகள் சிறிது நேரம் கழித்தே எழுதும். மறுபடி நுழைந்தால் சரி.

அடிக்கடி நடந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய பற்றரி, பெரும்பாலும் சிஆர்2032, செத்திருந்தால் மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் திகதி பழைய ஆண்டுக்கு ஓடும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது பழைய கணினிகளில் இது நன்றாகவே வெளிப்பட்டது. கடிகாரம் பின்னுக்குப் போனால் முதலில் சான்றிதழ் பிழை வந்து தளமே திறக்காது. யாராவது கையால் திருத்தும்போது ஆண்டைத் தவறி முன்னுக்கு வைத்தால், காலாவதியானவை என்று உலாவி குக்கிகளைக் கழித்துவிடும். பிறகு திகதியைச் சரிசெய்தாலும் அவை திரும்பாது. பற்றரியை மாற்றுங்கள், நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள்.

சேர்வர் பக்கத்தில் இதன் உறவுக்காரப் பிழை ஒன்று: பிஎச்பி உலக நேரத்திலும் தரவுத்தளம் இலங்கை நேரத்திலும் இருந்தால் காலாவதிக் கணக்கு சரியாக 5 மணி 30 நிமிடம் பிசகும். ‘ஒரு மணி நேரச் சாவி உடனே செத்துவிடுகிறது’ என்றால் முதலில் இதைப் பாருங்கள். இரண்டையும் உலக நேரத்தில் வைத்து, காட்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

குக்கி எழுதச் சொன்னேன், எழுதவே இல்லை. எங்கே தேடுவது?

பிஎச்பியில் ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன’ என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால், குக்கியைச் சொல்லும் தலைப்பு வரிக்கு முன்பே பக்கத்தின் ஏதோ வெளியீடு போய்விட்டது. கோப்பின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம், அல்லது பழைய விண்டோஸ் நோட்பேட் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது முன்னால் சேர்த்த கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி. தமிழ் எழுத்துள்ள கோப்புகளை நோட்பேடில் திருத்துபவர்களுக்கு இது பழகிய தொல்லை. ‘பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் தீரும்.

டபிள்யூ மூன்றோடு ஒரு முகவரி, இல்லாமல் ஒரு முகவரி என இரண்டும் திறந்தால் ஒன்றின் குக்கி மற்றதுக்குப் போகாது. ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடுங்கள். டொமைன் பண்பில் எஸ்சிஎச்.எல்கே என்று மட்டும் எழுதினால் உலாவி ஏற்காது. அது எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவான பின்னொட்டு.

கேச் பற்றி ஓர் எச்சரிக்கை. நிர்வாகிக்குப் போன பக்கத்தை, குக்கி எழுதும் தலைப்போடு சேர்த்துக் கேச் சேமித்துவிட்டால், அடுத்து வரும் எல்லாருக்கும் அவருடைய சாவி போகும். நுழைவுப் பக்கத்துக்கும் நிர்வாகப் பக்கங்களுக்கும் ‘சேமிக்காதே’ என்ற கேச் கட்டளையைச் சேர்வரிலிருந்தே அனுப்புங்கள்.

நீண்ட அறிக்கையைத் தட்டச்சு செய்து சேமிக்கும்போது வெளியே தள்ளுகிறது.

பிஎச்பி அமர்வின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். பல தளங்கள் ஒரே சேர்வரில் இருக்கும் பகிர்ந்த ஹொஸ்டிங்கில் அமர்வுக் கோப்புகள் பொது அடைவில் இருந்தால் அயல் தளத்தின் துப்புரவு உங்கள் கோப்பையும் கூட்டித் தள்ளும். அமர்வு அடைவை உங்கள் கணக்குக்குள், இணையத்தில் திறக்கும் அடைவுக்கு வெளியே மாற்றி, ஆயுளை 2 மணி நேரமாக்குங்கள். திருத்தும் பக்கத்திலிருந்து 5 நிமிடத்துக்கு ஒரு சிறு கோரிக்கை அனுப்பினால் அமர்வு உயிரோடு இருக்கும்.

போன் தொலைந்துவிட்டது. அல்லது நிர்வாகி மாறிவிட்டார். என்ன செய்வது?

வேர்ட்பிரஸில் அந்தப் பயனரின் சுயவிவரப் பக்கத்தில் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தான் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய குக்கிகள் செல்லாது. யாரையும் நம்ப முடியாத நிலையென்றால் கொன்ஃபிக் (தள அமைப்பு) கோப்பில் உள்ள 8 இரகசியச் சரங்களை மாற்றுங்கள்; எல்லாரும் ஒரே நொடியில் வெளியே.

சொந்தமாக எழுதிய தளத்தில் அட்டவணையிலுள்ள அவரது வரிசைகளை அழிக்க வேண்டும். கடவுச்சொல் மாற்றும் பக்கத்திலேயே இந்த அழிப்பையும் எழுதிவையுங்கள். இது இல்லாமல் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய போன் பழையபடியே உள்ளே வரும்.

இரண்டு படி சரிபார்ப்பு இருக்கிறது. குக்கி திருட்டுக்குப் பயப்பட வேண்டுமா?

வேண்டும். சாவிக் குக்கி அந்தச் சரிபார்ப்பு முடிந்தபின் கிடைப்பது. அதைத் திருடியவரிடம் இரண்டாம் படி கேட்கப்படாது. உடைத்த மென்பொருள்களோடு வரும் தரவுத் திருடும் நிரல்கள் உலாவியின் குக்கிச் சேமிப்பைத்தான் முதலில் தேடும். விண்டோஸில் குரோம் 2024இல் 127ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஒரு கூடுதல் பூட்டுப் போட்டது. அதை மட்டும் நம்ப வேண்டாம். நினைவுக் குக்கியால் வந்தவருக்குச் செய்தி போட, படம் ஏற்ற அனுமதி கொடுங்கள்; பயனரைச் சேர்க்க, மின்னஞ்சலை மாற்ற, காப்புப் பிரதியை இறக்கக் கடவுச்சொல்லை மறுபடி கேளுங்கள்.

பயனருக்கு அறிவித்தல் தேவையா?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சாவி பற்றிய பதிவில் பெயர், ஐபி, நேரம் இருப்பதால் தனியுரிமைப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். ‘என்னை நினைவில் வை’ பெட்டியின் அருகே ‘இக்கருவியில் 14 நாள் குக்கி வைக்கப்படும்’ என்று போட்டு, பெட்டியை முன்கூட்டியே குறியிடாமல் விடுங்கள்.

வெளியேறும் பொத்தானை அழுத்தியும் மறுபடி உள்ளேயே இருக்கிறேன்.

அமர்வு அழிந்தது, நினைவுக் குக்கி அழியவில்லை. அடுத்த பக்கத்திலேயே அது உங்களைத் திரும்ப உள்ளே விட்டது. குக்கியை அழிக்க, எழுதியபோது கொடுத்த அதே பாதை, அதே டொமைனோடு, காலாவதியைக் கடந்துபோன நேரமாக்கி அனுப்ப வேண்டும். நிர்வாக அடைவின் பாதையில் எழுதிவிட்டு வேர்ப் பாதையில் அழித்தால் உலாவி இரண்டையும் வெவ்வேறு குக்கியாகவே பார்க்கும். உலாவியில் அழிப்பதோடு அட்டவணை வரிசையையும் அழியுங்கள். அந்தக் குக்கியை யாரேனும் முன்பே நகலெடுத்திருந்தால் சேர்வர் பக்கம் அழித்தது மட்டுமே அவரைத் தடுக்கும்.